பாட்டியின் கல்யாணம் எந்த ஏட்டில் இருக்கிறது?

உலகத்தில் நடந்த கல்யாணங்களுள் மிகப் பெரிய கல்யாணம் ஒன்றுக்கும் நமது தென்பாண்டிச் சீமைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கைலாயத்தில் பார்வதி பரமேசுவரர் திருமணம் நடந்தபொழுது தேவரும் முனிவரும் அங்கே போய்க் கூடிவிட, வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்ததென்றும், உலகத்தைச் சமன் செய்வதற்காக அகஸ்திய முனிவரை இறைவன் பொதிகைக்கு அனுப்பி வைத்தான் என்றும் புராணம் கூறும். கல்யாணத்தைக் காணக் கொடுத்து வைக்காத முனிவருக்கு, அவர் இருந்த இடத்திலேயே மணக்கோலம் காட்டினானாம் இறைவன். பாபநாசத்து மலையிலுள்ள கல்யாண தீர்த்தம் அந்தக் காட்சியின் ஞாபகமாக இன்றும் விளங்குகிறது. குற்றாலத்துக்குப் போனாலோ, அதே முனிவர் திருமாலின் திருமேனியைச் சிவலிங்கமாகக் குறுக்கிய கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது.

இந்தப் புராணத்தில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு பெரிய கல்யாணத்துக்கும் ரிஜிஸ்தர் இல்லை. கண்டவர் ஒருவர், காட்டிய இடம் ஒன்று, வழிவழியாகச் சொல்லி வந்த வாய்மொழி ஒன்று, இம்மூன்றே ஆதாரம். நமது பாட்டன் பாட்டிமாருடைய கல்யாணங்களுக்கும் பெரும்பாலும் இம்மூன்றுதான் ஆதாரம். ஆனால் ஒரு வித்தியாசம். புராணக் கல்யாணத்தைச் சொல்லுவதற்கு ஆயிரம் வாய்கள் இருக்கின்றன. நமது வீட்டுக் கல்யாணத்தைச் சொல்லுவதற்கு ஒரு கிழவிதான் இருப்பாள். சில வீடுகளில் அவளும் இல்லை.

பாதி மறைந்த குடும்பம்

தங்கள் பூர்வீகத்தைத் தேட வேண்டுமென்ற ஆவல் இப்பொழுது நமது ஜனங்களிடையே வளர்ந்து வருகிறது. நல்ல காரியந்தான். ஆனால் நேயர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கட்டும். தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், அவருக்குத் தகப்பனார் பெயர் என்று நாலைந்து தலைமுறையைத் தட்டுத் தடங்கலின்றிச் சொல்லிவிடுவோம். பாட்டனாரின் தாயார் பெயர் என்ன? அவள் பிறந்த ஊர் எது? அவளுடைய தகப்பனார் யார்? இங்கே நாக்கு நின்றுவிடும்.

காரணம் வெளிப்படை. நிலத்தின் பட்டாவும் பள்ளிக்கூடத்துப் பதிவேடும் ஆண் வழியாகவே ஓடுகின்றன. பெண் ஒருத்தி பிறந்த குடும்பமும் புகுந்த குடும்பமும் ஒரே காகிதத்தில் அருகருகே நிற்கும் இடம் கல்யாணக் காகிதம் ஒன்றேதான். அது தொலைந்துபோனால் குடும்பத்தின் சரித்திரத்தில் சரிபாதி தொலைந்ததாகும். ஆகையால், கல்யாணத்தைத் தேடுவதென்பது உண்மையில் நமது தாய்மாரைத் தேடுவதேயாகும்.

சர்க்கார் ஏடு எப்பொழுது பிறந்தது?

முதலில் சர்க்கார் ஏடுகளைப் பார்ப்போம். 1872-ம் வருஷத்தில் இரண்டு விவாகச் சட்டங்கள் பிறந்தன. ஒன்று கிறிஸ்தவ விவாகச் சட்டம். மற்றொன்று, பெரிய மதங்களின் சடங்குகளுக்குப் புறம்பாக விவாகம் செய்து கொள்ள விரும்பியவர்களுக்கான தனி விவாகச் சட்டம். இவ்விரண்டிலும் பதிவு உண்டு. ஆனால் அக்கினி சாட்சியாகவோ, குலவழக்கப்படி தாலி கட்டியோ நடந்த இந்து விவாகங்களைச் சர்க்கார் ஏட்டில் எழுத வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஆகவே 1900-ம் வருஷத்தில் தென்காசியில் நடந்த ஓர் இந்துக் கல்யாணத்துக்கு விவாகப் பதிவு தேடிக் கச்சேரி கச்சேரியாக அலைவது, குற்றாலத்து அருவியைச் சித்திரை வெயிலில் தேடுவது போலாகும்.

1955-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி இந்து விவாகச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் எட்டாவது பிரிவு, விவாகங்களைப் பதிவு செய்வதற்கு வழி வகுத்தது. பதிவு செய்யாமலிருந்தால் விவாகம் செல்லாது என்று மட்டும் அது சொல்லவில்லை. ஆதலால் செய்தவர் சிலர்; செய்யாதவர் பலர். 2006-ம் வருஷம் பிப்ரவரியில், எல்லா ராஜ்யங்களிலும் விவாகப் பதிவு கட்டாயமாக வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டம் நவம்பர் 24-ந் தேதி முதல் அமலுக்கு வந்தது. அன்று முதல்தான் எந்த மதத்தினராயினும் தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி ஏற்பட்டது.

1955-க்குப் பின் நடந்த கல்யாணமாயின், அந்த ஊருக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடலாம். இந்து விவாகப் பதிவேடு பார்வைக்குத் திறந்தே இருக்கும் என்றும், கட்டணம் செலுத்தினால் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்றும் சட்டமே சொல்லுகிறது. தென்காசி தனி ஜில்லா ஆனது 2019 நவம்பர் 22-ந் தேதியில்தான். ஆகையால் அதற்கு முந்திய காகிதங்களில் "திருநெல்வேலி ஜில்லா" என்றே காணப்படும். அதைக் கண்டு வேறு ஊரோ என்று மயங்க வேண்டாம்.

கடையத்துப் பெண்

பதிவில்லாத கல்யாணத்தை எப்படி அறிவது? இதற்கு நமது பக்கத்திலேயே ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் உள்ளது கடையம். அவ்வூர்ப் பெண் செல்லம்மாளை எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார் 1897-ம் வருஷம் மணந்தார். மாப்பிள்ளைக்கு வயது பதினான்கு, மணப்பெண்ணுக்கு ஏழு. தேசமே அறிந்த கவிஞரின் விவாகம் இது. இதனை எந்தச் சர்க்கார் ரிஜிஸ்தரும் நமக்குச் சொல்லவில்லை.

பின்னே, யார் சொன்னார்கள்? பாரதியாரே தமது சுயசரிதைச் செய்யுளில் அந்தப் பால்ய மணத்தைப் பற்றிப் பாடியிருக்கிறார். செல்லம்மாளும் கணவரின் சரித்திரத்தைத் தாமே சொல்லிப் புத்தகமாக்கினார். உறவினரும் நண்பரும் எழுதி வைத்த நினைவுகள் வேறு இருக்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே சரித்திரம் எழுதுவோர் முடிவுக்கு வந்தனர். 1918-ம் வருஷக் கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பாரதியார் எந்த ஊருக்குப் போனார்? மனைவியின் ஊராகிய கடையத்துக்கே போனார். அவர் வாழ்க்கையின் அந்த அத்தியாயத்தை விளங்கிக் கொள்ள வேண்டுமானால், பெண் எடுத்த ஊர் எது என்று தெரிந்தாக வேண்டும். பெரியோர் சரித்திரத்துக்கு எது முறையோ அதுவே நமது குடும்பச் சரித்திரத்துக்கும் முறை. மனைவி வாய் திறந்து சொன்னாள், ஒருவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

நாள் கணக்கின் திறவுகோல்

வீட்டுப் பெட்டியைத் திறந்தால் முதலில் எதிர்ப்படும் சங்கடம் தேதி. கல்யாணப் பத்திரிகையில் "ஹேவிளம்பி வருஷம் ஆனி மாதம்" என்று இருக்கும். எந்த ஹேவிளம்பி? அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருமே! 1837-லும் ஹேவிளம்பி, 1897-லும் ஹேவிளம்பி, 1957-லும், 2017-லும் அதே ஹேவிளம்பிதான். அறுபது வருஷம் தவறினால் பேத்தியின் கல்யாணத்தைப் பாட்டியின் தலையில் கட்டிவிடுவோம்.

நமது பக்கத்தில் இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. மலையாள தேசத்தை அடுத்திருந்தபடியால், திருநெல்வேலிச் சீமையின் பழைய ஓலைகளிலும் தஸ்தாவேஜுகளிலும் கொல்லம் ஆண்டு எழுதும் வழக்கம் இருந்தது. அது ஆவணியில் பிறப்பது; இடையில் திரும்பி வராமல் நேராகவே ஏறிச் செல்வது. ஆவணி முதல் டிசம்பர் முடியவுள்ள நாளாயின் கொல்லம் ஆண்டுடன் 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடியவாயின் 825-ஐக் கூட்ட வேண்டும். கொல்லம் 1072 ஆனி மாதம் என்றால் 1897 ஜூன் அல்லது ஜூலை. வருஷப் பெயரும் கொல்லமும் ஒத்துப் போனால் சந்தேகம் இல்லை.

இன்னொரு குறிப்பும் உதவும். "சாரதா சட்டத்துக்குப் பயந்து அவசரமாகச் செய்த கல்யாணம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கலாம். பெண்ணுக்குப் பதினான்கு, பிள்ளைக்குப் பதினெட்டு என்று வயது வரம்பு விதித்த அந்தச் சட்டம் 1930 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய மாதங்களில் தேசமெங்கும் பால்ய விவாகங்கள் குவிந்தன. அந்த ஒரு வார்த்தையைக் கொண்டே கல்யாணத்தை 1929, 1930-க்குள் அடக்கிவிடலாம்.

பரணில் கிடக்கும் சாட்சிகள்

கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் பெரும் பாக்கியம். இரு தரத்துப் பாட்டனார் பெயர்களும் ஊர்களும் அதிலேயே இருக்கும். அது இல்லாவிட்டால் ஜாதகக் கட்டு. தலைச்சன் பிள்ளையின் ஜாதகத்தில் பிறந்த நாள் தெரிந்தால், கல்யாணம் அதற்கு முன் என்பதாவது உறுதி. பழைய கல்யாணப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். படம் எடுத்த கடையின் முத்திரையும் ஊரும் அங்கே இருக்கக்கூடும்.

அடுத்தது சுருள் நோட்டு. மற்ற ஜில்லாக்களில் மொய் என்று சொல்வதை நமது பக்கத்தில் சுருள் என்போம். யார் எவ்வளவு வைத்தார் என்பதைத் திருப்பிச் செய்ய வேண்டிய கடமைக்காகவே எழுதி வைத்தார்கள். ஊர் பெயரும், தகப்பனார் பெயரும், தொகையும் வரிசையாக வரும் அந்த நோட்டு, அன்றைய உறவு முறை முழுவதற்கும் ஒரு ஜனக்கணக்கு அன்றோ? பெண் வீட்டார் எந்தெந்த ஊரில் பரவியிருந்தார்கள் என்பதை இதைப் போல் வேறெந்தக் காகிதமும் சொல்லாது. இந்த நோட்டைத்தான் நாம் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டு விடுகிறோம்!

எல்லாச் சமூகத்தாரும் இப்படி அலட்சியமாக இருந்துவிடவில்லை. செட்டிநாட்டு நகரத்தார் கல்யாணத்தின்போது இசைகுடிமானம் என்ற பத்திரம் எழுதிக் கொள்வார்கள். ஒன்பது நகரக் கோயில்களில் தங்களுக்குரிய கோயிலிலே புதுத் தம்பதியைப் புள்ளியாகப் பதிந்து கொள்வார்கள். சர்க்கார் கேட்காமலே தாமே ஏடு வைத்த நல்ல வழக்கம் இது.

பத்திர ஆபீஸில் ஒளிந்திருக்கும் கல்யாணம்

விவாகப் பதிவு இல்லாத காலத்திலும் நிலப் பதிவு இருந்தது. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் நிலத்தை மஞ்சள்காணி என்று நமது முன்னோர் அழைத்தார்கள். அப்படி எழுதிய தஸ்தாவேஜிலும், பிற்காலத்துப் பாகப் பத்திரம், விடுதலைப் பத்திரங்களிலும் "இன்னார் குமாரத்தி, இன்னார் மனைவி" என்று இரண்டு குடும்பமும் சேர்ந்தே வரும். நாம் தேடும் வாக்கியம் அதுதானே!

1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களுக்குரிய முதற் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். ஆட்களின் பெயரால் ஓர் அட்டவணை, சொத்தின் விவரத்தால் ஓர் அட்டவணை என்று இரண்டு உண்டு. பாட்டியின் பெயர் தெரியாவிட்டாலும், அவள் பிறந்த ஊரும் நிலமும் தெரிந்தால் இரண்டாம் அட்டவணை வழியாக நுழையலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. மாமியார் பெயரே மருமகளுக்கும் இருந்தால் வீட்டில் வேறு பெயர் வைத்து அழைப்பார்கள். "தங்கம்" என்று தேடி அலுத்த பிறகு, பத்திரத்தில் "மீனாட்சியம்மாள்" என்று இருக்கும். இரண்டு பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டே படியேற வேண்டும்.

கோயில், பள்ளிவாசல், மாதா கோயில்

கிறிஸ்தவக் குடும்பத்தாருக்கு இந்தத் தேட்டம் எளிது. சுரண்டை, நல்லூர்ப் பக்கங்களில் சர்ச் மிஷன் சபைகள் வேரூன்றிப் பல தலைமுறைகள் ஆகின்றன. ஓலை வாசித்து நடந்த விவாகங்கள் அந்தந்தச் சேகரத்து ரிஜிஸ்தரில் இருக்கும். கத்தோலிக்கரிடம் இன்னொரு வசதி. பங்குக் குருமார் விவாக ஏடு வைக்க வேண்டும் என்பது 1563-ம் வருஷத்திலேயே திரெந்து மகாசபை விதித்த கட்டளை. அன்றியும் 1908 முதல், ஒருவருடைய விவாகத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்கு எதிரிலும் குறிக்கும் முறை ஏற்பட்டது. ஆகையால் கல்யாணம் நடந்த ஊர் தெரியாவிட்டாலும், ஞானஸ்நானம் பெற்ற கோயில் தெரிந்தால் போதும். சென்னை மாகாணத்துச் சர்ச்சுகளிலிருந்து சீமைக்கு அனுப்பிய பிரதிகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பான்மை ஐரோப்பியருடைய பதிவுகளே.

முஸ்லிம் சகோதரர்களுடைய நிக்காஹ் ஜமாஅத் தப்தரில் எழுதப்படும். கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களில் அந்தந்த மஹல்லாவின் பள்ளிவாசலிலேயே விசாரிக்க வேண்டும். மஹர் தொகை, வலீயின் பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொரு கிளையையும் மறக்கலாகாது. புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களின் செய்திகள் "குடி அரசு" முதலிய பத்திரிகைகளில் வெளிவந்தன. அத்தகைய கல்யாணம் ஒன்று செல்லாது என்று 1953-ல் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 1967-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் வந்து, முன்னே நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கிற்று. அக்குடும்பத்தாருக்குப் பழைய பத்திரிகைத் துணுக்கே விவாக ஏடு.

செங்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அவ்வூர், 1956 நவம்பர் 1-ந் தேதி வரையில் திருவிதாங்கூர் வழி வந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது. குற்றாலத்தில் பெண்ணெடுத்துச் செங்கோட்டையில் வாழ்ந்தவர்களின் காகிதம் ஒன்று திருநெல்வேலி நோக்கியும் ஒன்று திருவனந்தபுரம் நோக்கியும் போயிருக்கக் கூடும். இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

ஏடில்லாததால் வந்த இடர்

"நாம் மனிதர், நமக்குள் எல்லாம் தெரியும், காகிதம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 1913-ம் வருஷத்தைச் சிறிது நினைத்துப் பார்க்கட்டும். தென்னாப்பிரிக்காவில் நீதிபதி ஸேர்ல் என்பவர், கிறிஸ்தவ முறைப்படியோ பதிவு முறைப்படியோ நடவாத விவாகங்கள் அங்கே சட்டப்படி விவாகமாகா என்று மார்ச் மாதத்தில் தீர்ப்புக் கூறினார். ஒரு பேனா முனையில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் மனைவியர் அல்லாதவர் ஆயினர். காந்தியடிகள் தொடுத்த சத்தியாக்கிரகத்தில் கஸ்தூரிபா முதலிய பெண்மணிகள் சிறை புகுந்ததற்கு இந்த அவமானம் ஒரு பெருங் காரணம். நம் தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள். அவ்வருஷத்து இந்தியர் நிவாரணச் சட்டம் வந்த பிறகே நமது விவாகங்களுக்கு அங்கே மதிப்பு ஏற்பட்டது.

இலங்கையில் நடந்தது வேறொரு விதம். 1949-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இந்தியர் ஒருவர் 1946 ஜனவரிக்கு முன் அங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டிய காலம், விவாகமாகாதவருக்குப் பத்து வருஷம். விவாகமானவருக்கு ஏழு வருஷம். தோட்டத்து ஏழைத் தொழிலாளிக்குக் கல்யாணக் காகிதம் ஒன்று மூன்று வருஷத்துக்குச் சமானமாயிற்று!

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தின்மேல் போனவர் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அவர்களுடைய கப்பல் பட்டியலில் தகப்பனார் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் குறித்திருக்கிறது. அவர்களுடைய சந்ததியார் அந்தக் கிராமத்தின் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்று நம்மிடம் வருகிறார்கள். கடல் கடந்து போனவனுக்குக் கப்பல் ஏடு சாட்சி. ஊரிலேயே இருந்த நமக்கு என்ன சாட்சி?

இன்றே எழுதுக

சட்டம் இவ்விஷயத்தில் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதுச் சட்டமும், குடும்ப உறவைப் பற்றிக் காலஞ்சென்றவர் சொல்லிய அல்லது எழுதிய வார்த்தையையும், வம்சாவளிக் குறிப்பையும் சாட்சியமாக ஏற்கின்றன. ஆனால் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: வழக்கு மூளுவதற்கு முன்பே அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு எழுதினால் அதற்கு மதிப்பில்லை. சமாதான காலத்தில் எழுதியதே சாட்சி.

ஆகையால் நேயர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டில் மூத்த பெண்மணி யாரோ அவரிடம் உட்கார்ந்து, பிறந்த ஊர், தாய் தந்தை பெயர், கல்யாணம் நடந்த இடம், தமிழ் வருஷம், மாதம், மாப்பிள்ளைத் தோழன் யார், எத்தனை நாள் கல்யாணம், அந்த வருஷத்தில் ஊரில் நடந்த வேறு விசேஷம் என்ன என்றெல்லாம் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி, எழுதியவர் பெயரையும் தேதியையும் கீழே போடுங்கள். முடியுமானால் அவருடைய கையெழுத்தையும் வாங்குங்கள். சுருள் நோட்டையும் பத்திரிகையையும் படம் பிடித்து, உறவினர் இருவர் வீட்டில் பிரதி வையுங்கள். அப்புறம் பத்திர ஆபீஸுக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகலாம். அங்கே இருக்கிற ஏடு அடுத்த வருஷமும் இருக்கும். பாட்டியின் ஞாபகத்துக்கு அந்த உறுதி இல்லை.